கிரியோனின் கை படாத மூன்று சாவுகள்

ஒரு பின்னேரம், திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசலுக்கு இந்தப் பக்கம் கடற்கரை மணலில் இருந்து, உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிற எட்டுப் பிள்ளைகளோடு சோபோகிளிசின் பழைய கிரேக்க நாடகமான ‘அன்ரிகனி’யைக் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தோம். கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் போய்க்கொண்டிருந்தது. மான் ஒன்று கிட்ட வந்து ஒரு பிள்ளையின் பையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அரசன் கிரியோனின் பகுதியை வாசித்த பெடியன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்:

“ரீச்சர், கிரியோன் ஒருத்தரையும் கையால கொல்லேல்லையே. மூண்டு பேரும் தாங்களாத்தானே செத்தவை. பிறகேன் கடைசியில ‘நான்தான் கொண்டனான்’ எண்டு கத்துறான்?”

அவன் கேட்டது சரி. நாடகம் முடியும்போது மூன்று உடல்கள் கிடக்கின்றன: அன்ரிகனி, கிரியோனின் மகன் ஹேமன், மனைவி யூரிடிசி. மூவரும் தங்கள் கையாலேயே உயிரை விட்டவர்கள். கிரியோன் ஒரு இடத்திலும் வாளை உருவவில்லை. ஆனாலும் மனைவியின் உடலைப் பார்த்து அவன் சொல்கிற சொல் ‘உன்னைக் கொன்றது நான், நானே’ என்பது. இந்தப் பழி வேறு எவர் மேலும் ஏறாது என்கிறான். அன்று இருட்டுகிற நேரம் ஆகிவிட்டதால் என்னால் அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இது மீதிப் பதில்.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 441 அளவில் ஏதென்சில் மேடையேறிய நாடகம். தீப்ஸ் நகரை ஆண்ட ஈடிப்பசுக்கு இரண்டு ஆண்மக்கள். அரசுக்காக ஒருவரை ஒருவர் எதிர்த்து, ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். எட்டியோகிளிஸ் நகரைக் காத்து நின்றவன். பொலினைசஸ் வெளியூர்ப் படையோடு வந்தவன். ஆட்சிக்கு வருகிற கிரியோன், காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், வந்தவனின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று கட்டளையிடுகிறான். தங்கை அன்ரிகனி அந்த உடலுக்கு மண் தூவுகிறாள், பிடிபடுகிறாள். அவளை உயிரோடு ஒரு கற்குகைக்குள் அடைக்கிறான். தைரேசியஸ் என்ற குருட்டுச் சோதிடர் வந்து எச்சரித்த பிறகு மனம் மாறி ஓடுகிறான். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவும் ஒரே பகலுக்குள் நடக்கிறது.

இதில் உறவுமுறையைத் தமிழ்க் காதோடு கேட்க வேண்டும். கிரியோன் அன்ரிகனியின் தாயுடன் பிறந்தவன். அதாவது தாய்மாமன். ஹேமன் அவனுடைய மகன், அன்ரிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். அப்படியென்றால் முறை மச்சான். ஆங்கிலம் போன்ற மொழிகளில் இதற்கு இரண்டு மூன்று சொல் வேண்டும். நமக்கு ஒரே சொல் போதும்: அன்ரிகனி அவனுக்கு மருமகள். உடன்பிறந்தாள் மகள் என்ற வழியிலும் மருமகள், மகனுக்குப் பெண் என்ற வழியிலும் மருமகள். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் யார் என்று இங்கே எந்த வீட்டிலும் விளக்கத் தேவையில்லை. சாமத்தியச் சடங்கில் முன்னுக்கு நிற்பவன், கலியாணப் பேச்சில் வாய் திறக்கிற உரிமை உள்ளவன். அவன்தான் இவளைக் குகைக்குள் வைத்து அடைக்கிறான்.

சரி, பெடியனின் கேள்விக்கு வருகிறேன். கிரியோனின் கை ஏன் படவில்லை? தற்செயலாக அல்ல. அவன் அப்படி ஏற்பாடு செய்தான்.

நாடகத் தொடக்கத்தில் அன்ரிகனி தங்கை இஸ்மேனியிடம் சொல்கிறபோது, கட்டளையை மீறினால் தண்டனை ஊர் நடுவில் கல்லால் எறிந்து கொல்வது. எறிபவர்கள் ஊரார். ஊரே சேர்ந்து செய்கிற கொலை அது. ஆனால் ஹேமன் வந்து, ஊர்ச் சனம் இருட்டில் உனக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணுக்காக அழுகிறது என்று சொன்ன பிறகு, தண்டனை சத்தமில்லாமல் மாறுகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கற்குகைக்குள், உயிரோடு. அதோடு ஒரு சின்ன விவரம்: கொஞ்சம் சாப்பாடு. பழியில் இருந்து நகரம் தப்புவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி வகுப்பில் அரை மணித்தியாலம் கதைக்கலாம். அவள் பசிக்காக வைத்ததல்ல அது. ‘நாங்கள் கொல்லவில்லை, சாப்பாடு வைத்தோம்’ என்று பிறகு சொல்வதற்காக வைத்தது. அவளை இழுத்துப் போகச் சொல்லும்போது கிரியோன் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறான்: இந்தப் பெண் விசயத்தில் நாங்கள் சுத்தமானவர்கள். அவள் சாக விரும்பினால் சாகட்டும், உள்ளுக்குள் இருந்து வாழ விரும்பினால் வாழட்டும், மேலே நடமாடுகிற உரிமை மட்டும் இல்லை. தெரிவு அவளுடையதாம்! கதவில்லாத அறைக்குள் ஒருத்தியை வைத்துவிட்டு, சாவதும் வாழ்வதும் உன் விருப்பம் என்று சொல்கிறான். கொலையாளி என்று ஒருவர் இல்லாத ஒரு கொலையை அவன் கண்டுபிடித்திருக்கிறான்.

அந்தக் காலத்து ஏதென்ஸ்காரர்களுக்கு இதன் கள்ளத்தனம் உடனே பிடிபட்டிருக்கும். கொலை வழக்கில் அவர்கள் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, வேண்டுமென்று செய்ததா, வேண்டாமல் நேர்ந்ததா என்பது. கி.மு. 621 அளவில் டிராக்கோ செய்த சட்டத்தில் இருந்தே இந்தப் பிரிவு இருக்கிறது. மற்றது, கையால் செய்தவன், ஏற்பாடு செய்தவன் என்ற பிரிவு. இந்த இரண்டாவதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்: ஏற்பாடு செய்தவனும் கையால் செய்தவன் போலவே பொறுப்பாளி. ஆக, கை படவில்லை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஒருவன் தப்பியிருக்க முடியாது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். துரோகி என்று தீர்க்கப்பட்டவனை ஏதென்சைச் சேர்ந்த அத்திக்கா மண்ணில் புதைக்க விடாத சட்டம் ஏதென்சிலேயே இருந்தது. அதனால் கிரியோனின் முதல் கட்டளையைக் கேட்ட பார்வையாளர்கள் எல்லோரும் அவனை அரக்கன் என்று உடனே எண்ணியிருக்க மாட்டார்கள். போர் முடிந்த மறுநாள் காலை, நகரம் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது, புதிதாக வந்த ஆட்சியாளன் கண்டிப்புக் காட்டுகிறான். ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கிற வழியையும் அடைத்து, உடலை நகரத்துக்குப் பக்கத்தில் கிடக்கவிட்டு, காவலும் போட்டது சட்டம் கேட்டதற்கு மேலே போன செயல்.

திருகோணமலையில் இந்த இடத்துக்கு அதிகம் விளக்கம் தேவைப்படுவதில்லை. இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியாது என்பது இந்த மண்ணின் ஐதீகத்திலேயே இருக்கிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக உண்டாக்கியவை என்றுதான் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். கயிலையைப் பெயர்க்கப் பார்த்தவன் என்று பேரெடுத்தவன்கூடத் தாய்க்குக் கடன் செய்யக் குனிகிறான். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போய்வந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர், போர்க்காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர் என்று உடல் இல்லாத சாவு இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. திவசம் வைப்பதா விடுவதா என்று தெரியாமல் வருசக்கணக்காக இருக்கிற தாய்மாருக்கு, அன்ரிகனி ஏன் அந்த ஒரு பிடி மண்ணோடு போனாள் என்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் அண்மையில் பார்த்தோம். 2020 ஏப்ரலில் இலங்கையில் வந்த அரச வர்த்தமானி, கொவிட் தொற்றில் இறந்தவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்த காலம் அது. ஜனாஸாவை, இறந்த முஸ்லிமின் உடலை, எரிப்பதா என்ற அந்த வேதனை கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் எப்படி இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அமைச்சரவையின் மன்னிப்பில் ‘நான்’ என்று சொல்கிற ஆள் ஒருவரும் இல்லை. கிரியோன் கடைசியில் சொல்கிற அந்த ‘நான்’ எவ்வளவு அரிய சொல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மண் தூவுகிற காட்சியைச் செய்து பார்த்தோம். நாடகத்தில் காவலாளி அதைத் ‘தாகமெடுத்த புழுதி’ என்று சொல்கிறான், அவ்வளவு காய்ந்த மண். அதன் மேல் அவள் மூன்று முறை நீர் வார்க்கிறாள். அன்ரிகனியாக நின்ற பிள்ளை முதலில் அலை நனைத்த இடத்தில் அள்ளினாள். அது கட்டியாக விழுந்தது, பார்க்க எறிவது போல இருந்தது. பிறகு மேலே ஏறி, காய்ந்த மணலை அள்ளிக் கையை மெல்லத் தளர்த்தினாள். விரலிடுக்கால் நூல் போல இறங்கியது. உடலாகப் படுத்திருந்த பெடியனின் முதுகில் அது ஒரு மெல்லிய பூச்சாகத்தான் ஒட்டியது, மூடவேயில்லை. “இவ்வளவுதானா ரீச்சர்?” என்று கேட்டாள். இவ்வளவுதான். இந்த அளவு மண்ணுக்காகத்தான் நாடகம் முழுவதும் நடக்கிறது.

கிரியோனுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்’ என்பது குறள். இவனோ இடிப்பார் வரிசையாக வந்து இடித்தும் கெட்டவன். இது கடவுளர் செயலாக இருக்குமோ என்று நாடகத்தில் ஊர் முதியவர்களாக நின்று பாடிப் பேசுகிற பாடற்குழுவின் தலைவர் மெதுவாகக் கேட்டுப் பார்க்கிறார். வாயை மூடு என்கிறான். உன் மகனுக்கு நிச்சயித்தவளையா கொல்லப் போகிறாய் என்று இஸ்மேனி கேட்கிறாள். உழுவதற்கு வேறு நிலமும் இருக்கிறது என்று அவன் சொல்கிற பதிலை வாசித்தபோது பெட்டைகள் எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். ஹேமன் கோபப்படாமல்தான் தொடங்குகிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கொப்போடு தப்பும், விறைத்து நிற்கிற மரம் வேரோடு போகும் என்கிறான். பாய்க்கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி கொஞ்சமும் தளர்த்தாதவன் வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டுக் கவிழ்ந்த வள்ளத்தில்தான் மீதிப் பயணம் போவான் என்கிறான். இந்த உவமையைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவில்லை. அவர்கள்தான் எனக்குக் கையால் செய்து காட்டினார்கள், காற்று ஏறும்போது கயிற்றை எப்படி விடுவது என்று.

ஹேமன் போகுமுன் சொன்னது: அவள் செத்தால் அவளுடைய சாவு இன்னொருவரையும் கொல்லும். என்னையா மிரட்டுகிறாய் என்று கிரியோன் பாய்கிறான். மகன் சொன்ன இன்னொருவர் மகனே என்பது அவன் தலைக்குள் போகவேயில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்ற சாக்குக்கு இந்த இடத்தோடு கதவு சாத்தப்படுகிறது என்பது என் கணிப்பு. வரப்போகிறதை அவனுக்கு முன்கூட்டியே, அவன் வீட்டுப் பிள்ளையே, நேரே நின்று சொல்லிவிட்டது.

அப்படியானால் விதி? கிரேக்க நாடகம் என்றவுடன் பரீட்சைத் தாளில் எல்லோரும் எழுதுகிற சொல் அது. ஈடிப்பசின் குலத்துக்குச் சாபம் உண்டுதான், பாடற்குழுவும் அதைப் பாடுகிறது. ஆனால் கிரியோன் அந்தக் குலத்தில் பிறந்தவன் இல்லை. சாபம் லப்டகஸ், லயஸ், ஈடிப்பஸ் என்று தந்தைவழியில் வருகிறது. இவன் அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரன். அன்ரிகனியின் சாவைக் குலசாபம் என்று சொல்லலாம். ஹேமனின் சாவையும் யூரிடிசியின் சாவையும் அந்தக் கணக்கில் எழுத முடியாது.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாக நிற்பவன் பாண்டியன் நெடுஞ்செழியன். கிழக்கில் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்தியில் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவன் கதையில் ஒரு சொல்கூடப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் அவனுக்கு ஒரு சாக்குக் கொடுக்கிறார்: ‘வினைவிளை காலம்’. பொற்கொல்லன் பொய் சொன்னான் என்ற இன்னொரு சாக்கும் இருக்கிறது. பாண்டியன் இரண்டையும் எடுக்கவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி, ‘என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்’ என்று அந்த இடத்திலேயே விழுந்து இறக்கிறான். அவனும் கோவலனைக் கையால் வெட்டவில்லை. வெட்டியவன் ஒரு காவலாள்.

ஆனால் இரண்டு அரசர்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று: வரிசை. பாண்டியன் வாயில் இருந்து வந்த கட்டளை ‘கொன்றச் சிலம்பு கொணர்க’. முதலில் கொல், பிறகு சிலம்பைக் கொண்டு வா. இரண்டு வினையும் இடம் மாறியிருந்தால், முதலில் சிலம்பு வந்திருந்தால், உள்ளே முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருக்கலாம். கோவலன் உயிரோடு இருந்திருப்பான். ஒரு காப்பியமே ஒரு வாக்கியத்தின் முந்திப் பிந்தியில் திரும்பிவிடுகிறது.

கிரியோனிலும் இதேதான். இதை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவேயில்லை, பல வருசம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தைரேசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரியோன் ஆடிப்போகிறான். என்ன செய்யட்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்று பாடற்குழுத் தலைவரிடம் கேட்கிறான். அவர் சொல்கிறார்: போய்ப் பெண்ணைக் குகையில் இருந்து விடு, வெளியே கிடக்கிறவனுக்குக் கல்லறை எழுப்பு. பெண் முதலில், பிணம் பிறகு. கடவுளர் அனுப்புகிற கேடு வேகமாக வரும், விரைந்து போ என்றும் சொல்கிறார். கிரியோனும், கட்டிய நானே போய் அவிழ்ப்பேன் என்று ஓடுகிறான்.

பிறகு தூதுவன் வந்து நடந்ததைச் சொல்கிறான். அதை மெதுவாக வாசிக்க வேண்டும். அவர்கள் முதலில் போனது பொலினைசஸ் கிடந்த வெளிக்கு. நாய்கள் குதறிய உடல் இன்னும் அங்கே கிடந்தது. பாதாளத் தெய்வங்களை வேண்டினார்கள். உடலை நீராட்டினார்கள். புதிதாகக் கொப்பு வெட்டி, எஞ்சியதை எரித்தார்கள். பிறந்த மண்ணால் உயரமாக ஒரு மேடு எழுப்பினார்கள். எல்லாம் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல். அதற்குப் பிறகுதான் குகைப் பக்கம் திரும்பினார்கள். தூரத்தில் வரும்போதே உள்ளே இருந்து ஓலம் கேட்டது. அது ஹேமனின் குரல்.

தூதுவன் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறான். சோபோகிளிசும் எவரையும் கொண்டு இதைச் சுட்டிக்காட்டவில்லை. வரிசையை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

ஏன் பிணத்திடம் முதலில் போனான்? தைரேசியஸ் சொன்னதில் பெரும்பகுதி பிணத்தைப் பற்றியது: பறவைகள் அதன் தசையைக் கொத்திக்கொண்டு வந்து பலிபீடங்களைத் தீட்டாக்கிவிட்டன, கடவுளர் வேண்டுதலை ஏற்கவில்லை. அதனால் முதலில் தெய்வக் குற்றத்தைத் தீர்ப்போம் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தால் அதுவே அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறது. காலையில் நகரத்தின் சட்டத்துக்காக மருமகளை விட்டான், பின்னேரம் நகரத்தின் தீட்டுக்காக மருமகளை விட்டான். மனம் மாறிய பிறகும் அவனுக்கு முதலில் தெரிந்தது நகரம், உள்ளே மூச்சோடு இருக்கிற பிள்ளை அடுத்ததாகத்தான் வந்தாள். தைரேசியஸ் அவனிடம் சொன்ன குற்றச்சாட்டே இதுதானே: மேலே இருக்க வேண்டியவளைக் கீழே தள்ளினாய், கீழே போக வேண்டியவனை மேலே வைத்திருக்கிறாய். இரண்டையும் நேராக்கப் போனவன், நேராக்குகிற வரிசையையும் தலைகீழாகவே செய்தான்.

நேரே குகைக்குப் போயிருந்தால் அன்ரிகனி பிழைத்திருப்பாளா? நாடகத்தில் மணிக்கூடு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவன் உயிரோடு இருக்கும்வரை சுமக்க வேண்டும். மேடு எழுப்பச் செலவான நேரம் அவ்வளவும் அவன் கணக்கில் இருக்கிறது.

இனி மூன்று சாவையும் தனித்தனியே பார்த்தால் பொறுப்பு ஒரே அளவில் இல்லை.

அன்ரிகனி சாவை அறிந்தே போனவள். நீ வாழ்வைத் தெரிந்தாய், நான் சாவைத் தெரிந்தேன் என்று தங்கையிடம் சொன்னவள். குகைக்குள் அவள் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் காத்திருக்க அவளுக்கு என்ன இருந்தது? கொஞ்சச் சாப்பாடும் இருட்டும். அவள் உயிரை மாய்த்தது அவள் கை என்றாலும் அந்த இடம், அந்த நேரம், அந்த வழி மூன்றும் கிரியோன் போட்டுக் கொடுத்தவை. இந்தச் சாவில் அவன் பங்கு மிகப் பெரியது.

ஹேமனின் சாவு சிக்கலானது. தகப்பனைக் கண்டவுடன் முகத்தில் துப்பி, வாளை உருவிப் பாய்கிறான். கிரியோன் விலகி ஓட, வாள் தவறுகிறது. உடனே தன் மேலேயே வெறுப்பு வந்து அதே வாளால் இறக்கிறான். அறிந்தே கொல்லப் போய் முடியாமல் விடுகிற செயலுக்கு அரிஸ்டோட்டில் தன் கவிதையியலில் இந்தக் காட்சியைத்தான் காட்டாகச் சொல்கிறார். தகப்பனைக் கொல்லத் துணிந்த அந்தக் கணத்தின் வெட்கமும் ஹேமனின் சாவில் இருக்கிறது, அது அவனுடையது. ஆனால் ஹேமன் இறந்த சேதியைத் தூதுவன் கொண்டுவருகிற இடத்தில் சோபோகிளிஸ் ஒரு வேலை செய்கிறார். உறவுக் கையால் செத்தான் என்றும் தன் கையால் செத்தான் என்றும் இரண்டு பொருள் தருகிற ஒரு சொல்லைத் தூதுவன் வாயில் வைக்கிறார். பாடற்குழுவுக்கு விளங்கவில்லை. தகப்பன் கையாலா, தன் கையாலா என்று திருப்பிக் கேட்கிறார்கள். தன் கையால்தான், தகப்பன் செய்த கொலைக்காகக் கோபம் கொண்டு, என்பது பதில். என் வகுப்புப் பெடியன் கேட்ட அதே கேள்வியை 2,400 வருசத்துக்கு முன்பே நாடகம் தன்னிடமே கேட்டிருக்கிறது. பதிலிலும் இரண்டு கையும் இருக்கிறது.

யூரிடிசி நாடகத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறவள். கதவுக்குப் பக்கத்தில் வரும்போது சேதியின் ஒரு துண்டு காதில் விழுகிறது. துன்பத்துக்குப் பழகியவள்தான், சொல் என்கிறாள். தூதுவன் முழுவதையும் சொல்கிறான். ஒரு வார்த்தையும் இல்லாமல் உள்ளே போகிறாள். பிறகு பீடத்தடியில், கணவனைப் ‘பிள்ளையைக் கொன்றவனே’ என்று சபித்தபடி இறக்கிறாள். அவள் அழுதது ஹேமனுக்கு மட்டும் அல்ல, போரில் முன்னமே போன மற்ற மகன் மெகரேயசுக்கும். ஒரு தாய்க்கு அரசனின் கட்டளை வேறு, போர் வேறு என்று இரண்டு கணக்கு இருக்கவில்லை. கட்டளைக்கும் இந்தச் சாவுக்கும் நடுவில் எத்தனையோ படி இருக்கிறது. சட்டத்தில் நிற்காது. ஆனாலும் ‘கொன்றது நான், நானே’ என்று கிரியோன் சொல்வது இந்த உடலைப் பார்த்துத்தான்.

அவன் இன்னொன்றும் சொல்கிறான்: வேண்டுமென்று செய்யவில்லை. ஏதென்ஸ் சட்டத்தில் இருந்த அதே சொல். இது தப்பிக்கிற பேச்சு என்று ஒரு பிள்ளை சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் சாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, அது உண்மை. நடந்தது அவனால், அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான், ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை. துன்பியல் நாயகன் யார், அன்ரிகனியா கிரியோனா என்று ஒவ்வொரு வருசமும் வகுப்பில் சண்டை நடக்கும். நான் கிரியோன் பக்கம் நிற்பது இந்த இடத்துக்காக. பாண்டியனுக்கு உண்மை தெரிந்த கணமே உயிர் போய்விட்டது. கிரியோனுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தப் பகலே எனக்குக் கடைசிப் பகலாகட்டும் என்று வேண்டுகிறான், அது நடக்கவில்லை. தெரிந்த பிறகும் மூச்சோடு இருக்கிறான்.

துன்பியல் நாயகனின் பிழைக்கு அரிஸ்டோட்டில் சொல்கிற ‘ஹமார்த்தியா’ என்ற சொல் அம்பு குறி தப்புவதைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது. அந்தச் சொல்லின் வடிவம் ஒன்று இந்த நாடகத்தின் கடைசிக் காட்சியிலேயே இருக்கிறது. கிரியோன் மகனின் உடலைச் சுமந்துகொண்டு வருவதைக் கண்டு பாடற்குழு சொல்கிறது: இதோ அரசன் வருகிறான், கையில் தெளிவான ஒரு நினைவுச் சின்னத்தோடு. இது பிறர் கொண்டுவந்த கேடு அல்ல, அவனே பிழைத்தது. சாப்பாடு வைத்துவிட்டுக் கை சுத்தம் என்றவனின் கை முதல்முறையாக நிறைந்திருக்கிறது.

அடுத்த கிழமை அந்தக் காட்சியை மணலில் செய்து பார்த்தோம். கேள்வி கேட்ட பெடியன்தான் கிரியோன். ஹேமனாக வந்தவன் அவனைவிடக் கொஞ்சம் பாரம். தூக்கிக்கொண்டு இருபது அடி வரும்போதே முழங்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. காலுக்குக் கீழே மணல் புதைந்தது. அந்தக் காட்சி கிட்டத்தட்ட நூறு வரி. அவன் அழ வேண்டும், பாடற்குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், இடையில் மனைவி இறந்த சேதியையும் கேட்க வேண்டும். பாதி வரிக்கு முன்னமே அவன் நின்றுவிட்டான். வசனம் மறந்ததால் நிற்கவில்லை. புத்தகத்தை வைத்திருந்த பிள்ளையைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்:

“இவனை எந்த இடத்தில இறக்கிறதெண்டு போட்டிருக்கே?”

அவள் தாளைப் புரட்டினாள். முன்னுக்குப் பார்த்தாள், பின்னுக்குப் பார்த்தாள். எங்கே கிடத்துவது என்று ஒரு வரியும் இல்லை. ‘எந்தப் பக்கம் பார்ப்பது, எதில் சாய்வது என்று தெரியவில்லை, என் கையில் இருப்பதெல்லாம் கோணலாகிவிட்டது’ என்ற வரி மட்டும் இருந்தது. அதை அவள் அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அவன் உடலைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினான்.